மேனேஜ்மென்ட் சீட்டுக்கு 10,000 முன்பணம் கொடுத்துவிட்டேன், இனி கவுன்சிலிங் போக முடியுமா?

தறிச்சத்தம்

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் இங்கே வந்து படித்துவிட்டுப் போவதோடு சரி. இப்போது வேறு யாரிடம் கேட்பதென்று தெரியாமல் எழுதுகிறேன்.

பள்ளிபாளையம் பக்கம் நான்கு விசைத்தறி வைத்துக் கூலிக்கு ஓட்டுகிறேன். நான் எட்டாவது, வீட்டில் பத்தாவது. மூத்தவன் பாலிடெக்னிக் முடித்துவிட்டுப் பெருந்துறையில் வேலைக்குப் போகிறான். சின்னவள் இந்த வருடம் பிளஸ் டூ. கணக்கு 82, இயற்பியல் 79, வேதியியல் 84. கட்-ஆஃப் 163.5 வருகிறது என்று அவளே போட்டுச் சொன்னாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியரிங்தான் வேண்டுமாம்.

ரிசல்ட் வந்த மூன்றாம் நாள் ஒரு தனியார் கல்லூரியிலிருந்து இரண்டு பேர் பைக்கில் வந்தார்கள். தறிச் சத்தத்தில் அவர்கள் சொன்னதில் பாதி காதில் விழவில்லை. நான்கையும் நிறுத்திவிட்டு வாசலில் உட்கார்ந்து கேட்டேன். பாவுக் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவர்களே எழுதிக் கொடுத்தார்கள்: டியூஷன் பீஸ் 85,000, பஸ் 32,000, இதர 18,000. "உங்களுக்காக முதல் வருஷம் பத்தாயிரம் குறைச்சுக்கிறோம், கம்ப்யூட்டர் சீட் இன்னும் ஆறுதான் இருக்கு, கவுன்சிலிங் போனா இந்த மார்க்குக்கு சிவில்தான் கிடைக்கும்" என்றார்கள். பதறிப்போய் ஜி.பே-யில் 10,000 அனுப்பிவிட்டேன். சீட்டைப் பிடித்துவைக்க வேண்டும் என்று அசல் டி.சி.யையும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதற்கு அப்புறம்தான் விசாரித்தேன். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் எல்லாமே இலவசம் என்கிறார்கள். இவள் எட்டு வரை தனியார் பள்ளி. 2021-இல் தறி ஓடாமல் கிடந்தபோது பீஸ் கட்ட முடியாமல் ஒன்பதாம் வகுப்புக்கு அரசுப் பள்ளிக்கு மாற்றினேன். ஆறிலிருந்து படித்திருந்தால்தான் உண்டு என்று சொல்லிவிட்டார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் அதே காரணத்தால் இல்லையாம். முதல் பட்டதாரி சலுகையாவது கிடைக்குமா என்றால், பக்கத்துத் தறிக்காரர் "உன் தம்பி பி.காம். ஆச்சே, உனக்கு ஏது?" என்கிறார்.

என் கேள்வி இதுதான். முன்பணம் கொடுத்துவிட்ட பிறகு கவுன்சிலிங் போகலாமா? போனால் எனக்கு என்ன மிச்சம்? வருடம் ஒன்றேகால் லட்சம் என்பது நான்கு தறிக்குத் தாங்காது.

கொங்குக்காற்று

அண்ணா, முதலில் போய் டி.சி.யை வாங்குங்கள். மற்றதெல்லாம் அப்புறம். அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்று கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ., யு.ஜி.சி. இரண்டுமே சொல்லியிருக்கின்றன. "சீட் ஆறுதான் இருக்கு" என்பது என் அக்கா பையனுக்கும் சொன்ன வசனம். அவன் ஆகஸ்டில் போய்க் கேட்டபோதும் ஆறுதான் இருந்தது.

இன்னொன்று. பாப்பா தனியார் பள்ளியில் படித்தது கல்வி உரிமைச் சட்டம், அதாவது ஆர்.டி.இ. 25 சதவீத இடத்திலா? அப்படியென்றால் எட்டு வரை தனியாரில் இருந்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தாலும் 7.5-க்குத் தகுதி உண்டு. புதுமைப் பெண்ணும் கிடைக்கும். நன்றாக யோசித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

தறிச்சத்தம்

இல்லை தம்பி. எல்.கே.ஜி.யில் சேர்த்தது 2011. அப்போது அந்தத் திட்டமே எங்கள் காதுக்கு வரவில்லை. ஒவ்வொரு டெர்முக்கும் நான்தான் கட்டினேன், ரசீதுகூட பீரோவில் இருக்கிறது. ஐந்து நிமிடம் ஆசை வந்தது, போய்விட்டது.

பழைய பதிவேடு

ஐயா, நான் ஓர் அரசுப் பொறியியல் கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கடைசிப் பத்து வருடம் சலுகைக் கோப்புகள்தான் என் மேஜை. அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் தம்பி விஷயம். முதல் பட்டதாரிச் சான்றிதழ் விண்ணப்பத்தில் குடும்பத்தார் படிப்பை எழுத ஓர் அட்டவணை உண்டு. அப்பா, அம்மா, இரு பக்கத்துத் தாத்தா பாட்டி, கூடப் பிறந்தவர்கள். அவ்வளவுதான். சித்தப்பாவுக்கு அதில் கட்டமே கிடையாது. பையன் படித்தது டிப்ளமோ, அது பட்டம் ஆகாது. ஆக உங்கள் மகள்தான் வீட்டின் முதல் பட்டதாரி. இ-சேவை மையத்தில் இன்றைக்கே விண்ணப்பியுங்கள். கூடவே வருமானச் சான்றிதழும் போட்டுவிடுங்கள், பின்னால் இரண்டு மூன்று இடத்தில் கேட்பார்கள். தந்தையும் மாணவியும் கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழிப் படிவம் ஒன்று உண்டு. சான்றிதழை வாங்கிவிட்டு அதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது, இந்தச் சலுகை எதில் கிடைக்கும் என்பது. கலந்தாய்வு வழியாக வரும் சீட்டுக்கு மட்டும்தான். மேனேஜ்மென்ட் சீட்டுக்கு ஒரு ரூபாய் கிடையாது. உங்கள் வாசலுக்கு வந்தவர்கள் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். சொன்னால் அவர்கள் வண்டி ஓடாது.

இப்போது உங்கள் பாவு நோட்டுக்கு வருவோம். 2017-இல் கட்டண நிர்ணயக் குழு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வைத்த டியூஷன் பீஸ்: கவுன்சிலிங் சீட்டுக்கு 50,000, என்.பி.ஏ. என்ற தர அங்கீகாரம் உள்ள பிரிவுக்கு 55,000. மேனேஜ்மென்ட் சீட்டுக்கு 85,000, அங்கீகாரம் இருந்தால் 87,000. அவர்கள் எழுதிக் கொடுத்த 85,000 எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா? அதே கல்லூரி, அதே வகுப்பு, அதே பெஞ்சு. கவுன்சிலிங்கில் அங்கேயே உங்கள் மகளுக்கு இடம் கிடைத்தால் 50,000. அதில் முதல் பட்டதாரிக்கு ஆண்டுக்கு 25,000 கழியும். நீங்கள் கட்டுவது 25,000. வருடத்துக்கு 60,000 வித்தியாசம், நான்கு வருடத்துக்கு 2,40,000. அவர்கள் பெரிய மனது பண்ணிக் குறைத்தது பத்தாயிரம், அதுவும் ஒரு வருடத்துக்கு.

ஒரு விஷயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த 25,000-ஐ அரசு உங்கள் கையில் தராது, கல்லூரிக்குத்தான் தரும். அங்கே பணம் போய்ச் சேரத் தாமதமானால் சில கல்லூரிகள் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "அரசாங்கப் பணம் வரலை, இப்போ நீங்க கட்டுங்க, வந்ததும் திருப்பித் தர்றோம்" என்பார்கள். கட்டாதீர்கள். ஒதுக்கீட்டு ஆணையிலேயே சலுகை குறித்திருக்கும். அதை நகல் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். எதைக் கட்டினாலும் எந்தத் தலைப்பில் கட்டுகிறீர்கள் என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள். அரசு பார்ப்பது டியூஷன் பீஸ் ஒன்றைத்தான். கல்லூரி சம்பாதிப்பது பஸ்ஸிலும் 'இதர'விலும். அந்த 18,000-இல் என்னென்ன அடங்கும் என்று கேட்டீர்களா?

பெரிய மிச்சம் வேறு இடத்தில் இருக்கிறது. 1984-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்தபோது நான் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து இரண்டு வருடம். இப்போது கலந்தாய்வில் 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் வருகின்றன, பெரும்பகுதி சுயநிதி. அரசுக் கல்லூரிகள் ஏறக்குறைய ஒரு டஜன்தான். ஆனால் அந்த ஒரு டஜனில் மூன்று உங்களைச் சுற்றியே இருக்கின்றன: ஈரோட்டில் ஒன்று (பழைய ஐ.ஆர்.டி.டி., பிறகு அரசுக் கல்லூரி ஆனது), சேலம் கருப்பூரில் ஒன்று, கோவையில் ஜி.சி.டி. அங்கே கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். 163.5-க்கு அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் வராது, ஒளிக்காமல் சொல்கிறேன். வேறு பிரிவு வரலாம். உங்கள் சாதிப் பிரிவுக்குப் போன வருடம் எந்த மார்க்கில் முடிந்தது என்ற பட்டியல் இணையத்தில் கிடைக்கும். மகளை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சான்றிதழுக்கு நான் இத்தனை அவசரப்படுத்துவதற்குக் காரணம் உண்டு. திட்டம் வந்த 2010-ஐ ஒட்டிய வருடங்களில் ஒரு பையன் எங்களிடம் சேர்ந்தான். அப்பா ஆடு மேய்ப்பவர். முதல் பட்டதாரிச் சான்றிதழ் கலந்தாய்வு முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் அவன் கைக்கு வந்தது. முத்திரையில் அந்தத் தேதி. பிறகு கொண்டுவருவதை ஏற்க எங்களுக்கு அதிகாரம் இல்லை. மேலிடத்துக்கு எழுதிப் பார்த்தேன், கோப்பு திரும்பி வந்தது. அரசுக் கல்லூரி என்பதால் தொகை சிறிது, தப்பித்தான். தனியார் கல்லூரியாக இருந்திருந்தால் நான்கு வருடத்துக்கும் பெரிய தொகை போயிருக்கும். ஊதா மையில் அடித்த அந்தத் தேதி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, பையன் பெயர் மறந்துவிட்டது.

நாற்பத்தெட்டும் இரண்டும்

பெரியவர் சொன்னதற்கு மேல் ஒன்றே ஒன்று. இன்ஜினியரிங்தான் என்று ஏன் முடிவு செய்துவிட்டீர்கள்? அரசு கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியலுக்கும் ஒரு விண்ணப்பம் போட்டுவையுங்கள். விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். இளநிலைக்கு டியூஷன் பீஸே கிடையாது. வருடத் தொடக்கத்தில் சிறப்புக் கட்டணம் என்று கொஞ்சம் கட்டினால் சரி. வெள்ளை போர்டு டவுன் பஸ் போகும் தூரத்தில் கல்லூரி இருந்தால் பாப்பாவுக்கு டிக்கெட்டும் இல்லை. அந்த 32,000 பஸ் காசை நினைத்துப் பாருங்கள்!

நான் அப்படிப் படித்தவள்தான், இன்று சென்னையில் சாப்ட்வேர் டெஸ்டிங். ஆனால் இனிப்பாக மட்டும் சொல்லக் கூடாது. எங்கள் துறையில் பாதி வகுப்புகள் கௌரவ விரிவுரையாளர்களை வைத்துத்தான் ஓடின. ஒரு செமஸ்டர் டேட்டா ஸ்ட்ரக்சர் எடுக்க ஆளே இல்லை. லேபில் ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். நடுவில் உட்காருபவளுக்குத்தான் கீபோர்டு, நான் எப்போதும் ஓரம். வேலைக்கு வந்த பிறகுதான் பத்து விரலில் அடிக்கப் பழகினேன். பீஸ் இல்லாததால் படித்தேன், வாத்தியார் இல்லாததால் திணறினேன். இரண்டுமே அரசாங்கம் செய்ததுதான்.

நேர்வரி

எல்லோரும் சலுகை, இலவசம் என்றே பேசுகிறீர்கள். மாதாமாதம் என் சம்பளத்தில் பிடிக்கும் வரிதானே இது? நானும் அரசு இன்ஜினியரிங் கல்லூரியில்தான் படித்தேன், ஆனால் மெரிட்டில். யாரிடமும் சலுகை கேட்கவில்லை. படிக்கிறவர்கள் கடன் வாங்கிப் படிக்கட்டும், சம்பாதித்து அடைக்கட்டும்.

பழைய பதிவேடு

தம்பி, உங்கள் ஊர்க் கல்லூரியில் என்னைப் போன்ற ஒருவன்தான் உங்கள் சலானில் முத்திரை குத்தியிருப்பான். நீங்கள் கட்டியது சில ஆயிரம். பேராசிரியர் சம்பளம், லேப், கட்டடம் எல்லாம் அந்தச் சில ஆயிரத்தில் நடந்ததா? மீதியைக் கொடுத்தது கருவூலம். சோப்புக்கும் டீசலுக்கும் வரி கொடுக்கிற இந்தத் தறிக்காரர் காசும் அதில் உண்டு. உங்களுக்குப் போனது கட்டணக் குறைப்பாகப் போனதால் கண்ணில் படவில்லை, இவர் மகளுக்குச் சான்றிதழ் வைத்துக் கேட்க வேண்டியிருப்பதால் சலுகையாகத் தெரிகிறது.

2021-22 அகில இந்தியக் கணக்கெடுப்பில் 18 முதல் 23 வயதுக்காரர்கள் கணக்கில் உயர்கல்விச் சேர்க்கை நாட்டுக்கு 28.4 சதவீதம், தமிழ்நாட்டுக்கு 47. அந்த வித்தியாசத்தில் என் மேஜையில் கிடந்த கோப்புகளும் கொஞ்சம் உண்டு என்று நினைத்துக்கொள்கிறேன். தற்பெருமைதான், மன்னியுங்கள்.

தவணைக்காலம்

கடன் வாங்கிப் படிக்கட்டும் என்று ஒருவர் சுலபமாக எழுதியிருக்கிறார். வாங்கி அடைத்தவன் என்ற முறையில் நான் சொல்கிறேன்.

2013-இல் 2,80,000 வாங்கினேன். 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் தேவையில்லை என்பது விதி. மேனேஜர் அப்பாவிடம் வீட்டுப் பத்திரத்தைக் கேட்டார். மூன்றாவது முறை போனபோது விதியை அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் கோப்பு நகர்ந்தது. எங்கள் வீட்டு வருமானத்துக்கு, படிக்கும் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் உண்டு. ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கான வருமானச் சான்றிதழை வங்கியில் கொடுக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வேலை கிடைத்து முதல் தவணை கட்டப் போனபோது அசலோடு வட்டியும் ஏறி உட்கார்ந்திருந்தது. 12,000 சம்பளத்தில் 5,000 அதற்கே போனது. என் கல்யாணத்துக்கு முந்தைய மாதம்தான் கடைசித் தவணை.

அண்ணா, கடன் வாங்குவதானால் கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளம் வழியாக விண்ணப்பியுங்கள், எழுத்தில் இருக்கும். அந்த வட்டி மானியத்துக்கு இப்போது இன்னொரு நிபந்தனை சேர்ந்திருக்கிறது: கல்லூரிக்கு நாக் தரச்சான்று அல்லது படிக்கும் பிரிவுக்கு என்.பி.ஏ. அங்கீகாரம் இருக்க வேண்டும். வாசலில் தொங்கும் பேனரை நம்பாதீர்கள், எந்தப் பிரிவுக்கு, எந்த வருடம் வரை என்று பாருங்கள். கவுன்சிலிங் ஒதுக்கீட்டு ஆணையோடு போனால் வங்கியில் மரியாதையே வேறு.

பெண் பிள்ளை என்பதால் இன்னொரு வழியும் இருக்கிறது. ஏ.ஐ.சி.டி.இ.-யின் பிரகதி உதவித்தொகை. தொழில்நுட்பப் படிப்பில் முதல் வருடம் சேரும் பெண்களுக்கு ஆண்டுக்கு 50,000. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் போதும், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை. மார்க் அடிப்படையில் தேர்வு, அதனால் உறுதி இல்லை. வேறு உதவித்தொகையோடு சேர்த்து வாங்க முடியாது என்ற நிபந்தனையும் உண்டு. சேர்ந்த பிறகு தேசிய உதவித்தொகைத் தளம் திறக்கும்போது போட வேண்டும். என் தங்கைக்குக் கிடைக்கவில்லை, அவள் வகுப்புத் தோழிக்குக் கிடைத்தது. அந்தப் பெண் முதல் வருடப் பணத்தில் லேப்டாப் வாங்கினாள்.

தறிச்சத்தம்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

மூத்தவன் ஒரு நாள் லீவு போட்டுக் கூட வந்தான். காலை பத்து மணிக்குக் கல்லூரிக்குப் போனோம். ஏ.சி. அறையில் உட்காரவைத்து காபி கொடுத்தார்கள். டி.சி. வேண்டும் என்றதும் காபி கொடுத்த பெண் உள்ளே போனவள்தான், திரும்பவில்லை. ஒரு மணிக்கு அட்மிஷன் ஆபீசர் வந்து, "கவுன்சிலிங்ல கிடைக்காட்டி இங்க திரும்ப வந்தா ஒரு லட்சம் சொல்லுவோம், பாத்துக்குங்க" என்றார். பையன் போனை எடுத்து ஏ.ஐ.சி.டி.இ. விதியைக் காட்டினான். அதில் விலகினால் 1,000-க்கு மேல் பிடிக்கக் கூடாது என்றும் இருந்தது, அதையும் சேர்த்து வாசித்தான். நான் வாயே திறக்கவில்லை. இரண்டரைக்கு டி.சி.யும் மார்க் ஷீட்டும் வந்தன. டி.சி.யின் மேல் மூலையில் பென்சிலால் ஏதோ நம்பர் எழுதியிருக்கிறார்கள், மகள் ரப்பர் வைத்து அழித்துவிட்டாள். பணத்துக்கு மட்டும் செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாவது செவ்வாய்க்கிழமை வரை போய்ப் பார்ப்பது என்று இருக்கிறேன்.

அப்படியே வழியில் இ-சேவையில் முதல் பட்டதாரிக்கும் வருமானத்துக்கும் போட்டாயிற்று. சித்தப்பாவுக்குக் கட்டம் இல்லை என்பதைப் பக்கத்துத் தறிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அப்போ என் பையனுக்கும் உண்டா?" என்றார். அவர் பையன் மூன்று வருடமாக மேனேஜ்மென்ட் சீட்டில் படிக்கிறான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

கவுன்சிலிங் பதிவுக்கு 500 ரூபாய் கட்டிவிட்டோம். மகள் பாவு நோட்டிலேயே கல்லூரி வரிசை எழுத ஆரம்பித்திருக்கிறாள். இதுவரை முப்பத்தெட்டு. ஈரோட்டில் மெக்கானிக்கலை மூன்றாவதாக எழுதியிருக்கிறாள், மேலே இரண்டு கம்ப்யூட்டர். மேலே இருக்கிற இரண்டும் தனியார். இதைப் பற்றி வீட்டில் இன்னும் பேச்சு முடியவில்லை. 48 ரூபாய் விண்ணப்பமும் போட்டுவிட்டாள், அம்மாவுக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

ஒரே ஒரு சந்தேகம். சாதிச் சான்றிதழ் பழைய அட்டையில் இருக்கிறது, ஸ்கேன் பண்ணினால் முத்திரை தெரியவில்லை. கவுன்சிலிங் உதவி மையத்துக்கு அசலைக் கொண்டுபோனால் போதுமா, இல்லை புதிதாக ஆன்லைனில் எடுக்க வேண்டுமா? அந்த மையம் சனிக்கிழமை திறந்திருக்குமா? மற்ற நாளில் தறியை விட்டுவிட்டு வர முடியாது.